வாட்ச்சுக்குள் எது எது? பெயர் சொல்வதில் வரும் தவறுகள்

சாவி கொடுக்கும் வாட்ச்சின் பின்மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு சக்கரம். பலர் அதைப் பெண்டுலம் என்கிறார்கள். வேலை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் பெண்டுலத்தைத் திரும்ப இழுப்பது புவியீர்ப்பு. இந்த பேலன்ஸ் வீலைத் திரும்ப இழுப்பது அதோடு சுருண்டிருக்கும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங். கையை எப்படித் திருப்பினாலும் வாட்ச் ஓடுவது அதனால்தான்.

இந்த ஹேர் ஸ்பிரிங்கையே மெயின் ஸ்பிரிங் என்று சொல்லிவிடாதீர்கள். மெயின் ஸ்பிரிங் வெளியே தெரியாது, பேரல் என்கிற பல் வைத்த டப்பாவுக்குள் இருக்கிறது. சாவி கொடுக்கும்போது இறுகுவது அதுதான். "ஸ்பிரிங் போச்சு" என்று மொட்டையாகச் சொன்னால் எந்த ஸ்பிரிங் என்று எப்படித் தெரியும்?

சரி, பெரிய குழப்பத்துக்கு வருவோம். 'செகண்ட் வீல்' என்று பார்த்ததும் நொடிச் சக்கரம் என்று எழுதிவிடுகிறார்கள். அது இரண்டாம் சக்கரம்! பேரலை ஒன்று என்று வைத்து எண்ணினால் நடுவில் இருக்கிற சென்டர் வீல் இரண்டாவது, அது ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்றுதான் சுற்றும். வழக்கமான அமைப்பில் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றி நொடிமுள்ளைத் தாங்குவது நான்காம் சக்கரம். இதைவிடக் குறும்பு மினிட் வீல்: பெயரில் நிமிடம் இருக்கிறது, ஆனால் நிமிடமுள் அதன் மேல் இல்லை, கேனன் பினியன் என்கிற, குழாய் மாதிரியான சின்னப் பல்சக்கரத்தின் மேல் இருக்கிறது. டயலுக்கு அடியில் கேனன் பினியனுக்கும் மணிமுள்ளைத் தாங்கும் மணிச் சக்கரத்துக்கும் இடையில் நின்று வேகத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைக்க உதவுவதுதான் மினிட் வீலின் வேலை. யார் வைத்த பெயரோ!

எஸ்கேப்மென்ட் என்பதும் ஒரே பாகத்தின் பெயர் இல்லை. எஸ்கேப் வீல், அதன் பற்களை இரண்டு ரூபிக் கற்களால் மாறி மாறித் தடுத்து, பிறகு விடுவிக்கும் பேலட் ஃபோர்க், எல்லாம் சேர்ந்த கூட்டுக்குத்தான் அந்தப் பெயர். டிக் டிக் சத்தம் வருவது அங்கிருந்துதான்.

அப்புறம், ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் சுழலும் அரைவட்ட வடிவ எடைதான் ரோட்டர். அது சாவி கொடுக்க மட்டும்; நேரத்தின் வேகத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. சில வாட்ச்களுக்கு மணிக்கு 28,800 என்று போட்டிருப்பது பேலன்ஸ் வீலின் கணக்கு, அதுவும் முழு ஆட்டம் இல்லை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதையே ஒன்று என்று எண்ணியது. அதாவது நொடிக்கு 8 டிக், 4 முழு ஆட்டம்.