உயர்பாலையில் நிலத்துடன் கூடிய ஒற்றைத்தள வீடு வாங்குவது எப்படி?

கலிபோர்னியாவின் மொஹாவி உயர்பாலையில் சில ஏக்கர் நிலத்துடன் ஒற்றைத்தள வீடு வாங்க விரும்புவோர், வீட்டின் தோற்றத்தில் மயங்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு எனில், சில மணி நேரம் தொடர்ந்து இறைத்து நிமிடத்துக்கு எத்தனை காலன் கிடைக்கிறது என்று சோதிக்கச் செய்து, ஆர்செனிக், நைட்ரேட் அளவுகளுக்கான ஆய்வக அறிக்கையையும் பெறுவதை வாங்கல் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதிவிடுவது பாதுகாப்பானது. செப்டிக் டேங்க்கையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் மணல் ஓடை கோடை இடிமழையில் திடீரெனப் பெருக்கெடுக்கும் என்பதால், அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் நிலத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குச் செல்லும் மண்பாதை பிறர் நிலத்தின் வழியே வந்தால், வழியுரிமை பத்திரத்தில் பதிவாகியுள்ளதா, அதைப் பராமரிப்பது யார் என்பவற்றை உறுதிசெய்யுங்கள். வாய்மொழி உறுதி போதாது.

நிலத்தில் இப்பாலைக்கே உரிய யோசுவா மரங்கள் இருந்தால், அவற்றைப் பாதுகாக்கும் கலிபோர்னியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிய அனுமதியின்றி அவற்றை வெட்டவோ இடம் மாற்றவோ இயலாது. பின்னாளில் கொட்டகை கட்டும் எண்ணமிருந்தால், கையெழுத்திடும் முன்பே மரங்களை எண்ணிக்கொள்ளுங்கள். காட்டுத்தீக் காப்பீட்டுக்கான கட்டணத்தையும் அப்போதே விசாரிக்கலாம்.