ஆம்ப்யூல் கணக்கு இடிக்குதா? வார்டு இன்சார்ஜ் என்ன பண்ணணும்

நம்ம ஸ்டாஃப் ஆஸ்பத்திரி மருந்தை எடுத்து போதைக்கு தாங்களே போட்டுக்க மாட்டாங்கன்னு நானும் நம்பிட்டு இருந்தவதான். தியேட்டர், ஐசியூ, ரிகவரி, இங்கலாம் ஃபென்டனில், கெட்டமின், மிடாசோலம் மாதிரி வலி, மயக்க ஊசி மருந்துங்க கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, டோஸும் தெரியும் ஊசி போடவும் தெரியும், போதாததுக்கு தொடர்ந்து நைட் ட்யூட்டி.

ஆளை பாத்து ஆரம்பிக்காதீங்க, மருந்து கணக்கு எழுதுற ரெஜிஸ்டரை பாத்து ஆரம்பிங்க. ஃபென்டனில் 2 மில்லி ஆம்ப்யூல்ல (சின்ன கண்ணாடி மருந்துக் குப்பி) 100 மைக்ரோகிராம் இருக்கு, கேஸுக்கு 60 போச்சுன்னா மீதி 40 எங்க? வேஸ்டேஜ், அதாவது மீதியை கொட்டிட்டோம்னு எழுதி சாட்சி கையெழுத்தும் இருக்கும், ஆனா அந்த சாட்சி கொட்டினதை கண்ணால பாத்தாங்களா, இல்ல ஷிஃப்ட் முடியுற அவசரத்துல "சிஸ்டர் இதுல ஒரு சைன்"னு நீட்டினதுல போட்டாங்களா, அதை கேளுங்க. ஒரே ஆள் கையில மட்டும் ஆம்ப்யூல் அடிக்கடி உடையுது, சார்ட்ல ஃபுல் டோஸ் இருக்கு ஆனா ரிகவரில பேஷன்ட் வலில துடிக்கிறாரு, இது ரெண்டும் சேந்து வந்தா விடாதீங்க. ப்ரோபோஃபால்ங்கிற மயக்க ஊசி நார்கோட்டிக் லிஸ்ட்ல (கட்டுப்பாடான போதை மருந்து பட்டியல்) இல்லாததால ட்ராலிலயே கிடக்கும், அதையும் எண்ணுங்க.

லீவு போடுறவங்களா பாத்து சந்தேகப்படாதீங்க. மருந்து கிடைக்கிறதே ஆஸ்பத்திரிலதான, அதனால ஆஃப் அன்னைக்கும் வந்து நிப்பாங்க, நைட்டை கேட்டு வாங்குவாங்க. எங்க ஸ்டாஃப் தம்பி ஒருத்தனை ரெண்டு மாசம் நானே "இவனை பாத்து கத்துக்கோங்க"ன்னு பாராட்டிட்டு இருந்தேன், மே மாச வெயில்ல ஊசி தழும்பை மறைக்கத்தான் ஃபுல் ஹேண்ட் சட்டை போடுறான்னு தோணவே இல்ல.

கூப்பிட்டு பேசும்போது தனியா பேசாதீங்க, நர்ஸிங் ஸ்டேஷன்லயும் வேணாம், சூப்பரின்டென்டன்டும் ஒரு டாக்டரும் கூட இருக்கட்டும். "போதை ஊசி போடுறியா"ன்னு கேட்டா இல்லன்னுதான் வரும், தேதி, நேரம், எத்தனை ஆம்ப்யூல்னு மட்டும் வைங்க. அன்னைக்கே மருந்து அலமாரி சாவியை வாங்கிட்டு பேஷன்ட் வேலைல இருந்து எடுத்துடுங்க. அந்த நேரமே தள்ளாடினா திட்டாம கேஷுவால்டில படுக்க வைங்க. குடிப்பழக்கம்னா "வீட்டுக்கு போய் நிறுத்திட்டு வா"ன்னு சொல்லவே சொல்லாதீங்க, தினமும் குடிச்சவங்க டக்குனு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல ஃபிட்ஸ் வரலாம், உயிருக்கே ஆபத்து.

நிறைய பேர் கோட்டை விடுறது இதுக்கு அப்புறம்தான். சஸ்பென்ஷன் லெட்டரை கையில குடுத்து கேட்டுக்கு வெளிய அனுப்பிடுவாங்க. மாட்டிக்கிட்ட அவமானம், வேலை போன பயம், எந்த மருந்து எவ்ளோ போட்டா முடியும்ங்கிற அறிவு, இது மூணும் ஒரே ஆள்கிட்ட, அதனால தனியா விடவே கூடாது. பைக் சாவியை வாங்கி வைங்க, வீட்ல இருந்து யாராவது வர்ற வரைக்கும் கூட உக்காருங்க, அன்னைக்கே சைக்யாட்ரிஸ்ட்கிட்ட காட்டுங்க. ராத்திரி ஆயிட்டா அரசு மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ் 14416, போதை மறுவாழ்வுக்கு 14446.

சிகிச்சை முடிஞ்சு வந்தா நேரா தியேட்டருக்கு அனுப்பாதீங்க, விட்டிருந்த உடம்புக்கு பழைய டோஸே எமன். ஓபி மாதிரி சாவி இல்லாத இடம் குடுங்க. யூரின் டெஸ்ட் வைக்கிறீங்கன்னா சாதாரண ஓபியேட் (மார்ஃபின் வகை போதை மருந்து) கிட்ல ஃபென்டனில் தெரியாது, தனியா கேட்டு வாங்கணும்.

போதைப் பொருள் சட்டம் 1985, பிரிவு 64ஏல தானா சிகிச்சைக்கு போறவங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கு, அதை வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க. ஸ்டாக் குறைஞ்சது வேற விஷயம். ரெஜிஸ்டரை திருத்தி சரிக்கட்டுங்கன்னு மேலருந்து சொன்னாலும் கையெழுத்து போடாதீங்க, குறைஞ்சதை குறைஞ்சதுன்னே அன்னைக்கே எழுத்துல குடுத்துடுங்க.