அணைவு அயனிச் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடுத்த உப்பில் எந்த அயனிகள் இருக்கின்றன என்று கண்டறியும் உப்புப் பகுப்பாய்வு செய்ய வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதே இடங்களில்தான் தடுக்குகிறார்கள். நாங்களும் படிக்கும்போது அங்கேதான் தடுக்கினோம். சோதனைக்குழாயைக் கழுவாமல் விடுவது, குப்பியை மாற்றி எடுப்பது எல்லாம் தாமாகவே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அம்மோனியாவை மொத்தமாக ஊற்றுவது

எத்தனை முறை பார்த்தாலும் இது எனக்கு எரிச்சலைத் தருகிறது. ‘முதலில் துளித்துளியாக, பிறகு அதிக அளவில்’ என்று சொல்லித்தான் தருகிறோம். கையில் குப்பி வந்ததும் அப்படியே சாய்த்துவிடுகிறார்கள்.

அம்மோனியாவுக்கு இங்கே இரண்டு வேலைகள். கொஞ்சமாகச் சேர்க்கும்போது அது காரம். ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்கி உலோகத்தைக் கரையாத திண்மமாக, அதாவது வீழ்படிவாக, இறக்கும். மேலும் சேர்த்தால் அதுவே ஈனியாகி, சில உலோக அயனிகளைச் சுற்றிப் பிணைந்து அணைவு அயனியாக்கி, இறங்கிய வீழ்படிவைத் திரும்பக் கரைக்கும். எந்த நிறத்தில் இறங்கியது, பிறகு கரைந்ததா இல்லையா என்பதில்தான் விடை இருக்கிறது. மொத்தமாக ஊற்றினால் முதல் பாதி கண்ணில் படாமலே போய்விடும்.

ஒரு மாணவிக்கு நிக்கல் உப்பு வந்திருந்தது. ஊற்றியதும் கரைசல் நீலமானது. உடனே காப்பர் என்று எழுதிவிட்டார். முதலில் பச்சையாக இருந்ததே என்று கேட்டேன். அடர்த்தியான காப்பர் குளோரைடும் பச்சைதானே என்றார். அது உண்மைதான், அதனால்தான் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. துளித்துளியாக விட்டிருந்தால் காப்பருக்கு வெளிர்நீல வீழ்படிவும் நிக்கலுக்கு வெளிர்பச்சை வீழ்படிவும் வந்திருக்கும். அப்புறம் டைமெத்தில் கிளையாக்சைம் சில துளிகள் விட்டால் நிக்கல் ரோஜாச் சிவப்பில் இறங்கியிருக்கும். அதற்குள் கொடுத்த உப்பு முழுவதும் தீர்ந்திருந்தது.

ஜிங்க், அலுமினியம் இரண்டுக்கும் வருவது வெள்ளை வீழ்படிவு. அதிக அம்மோனியாவில் ஜிங்க் கரையும், அலுமினியம் கூழாக நிற்கும். அவசரமாக ஊற்றியவர் ஜிங்க் இருக்கும் கரைசலைப் பார்த்து ‘வீழ்படிவு இல்லை’ என்று எழுதுகிறார். அம்மோனியம் குளோரைடு ஏற்கெனவே சேர்த்த குழாயில் சோதித்தாலும் இதே கதிதான். அது ஹைட்ராக்சைடு அயனிகளின் அளவைக் குறைத்துவிடுவதால் ஜிங்க் வீழ்படியாது.

நேர்மாறான தவறும் உண்டு. வெயில் காலத்தில் அடிக்கடி திறந்து மூடிய குப்பியிலிருந்து வாயு வெளியேறி அம்மோனியா வீரியம் இழந்திருக்கும். அதை எவ்வளவு விட்டாலும் ஜிங்க் வீழ்படிவு சரியாகக் கரையாது. விடைத்தாளில் அலுமினியம் ஏறிவிடும். சோதனைக்கு முன் தெரிந்த ஒரு ஜிங்க் உப்பில் குப்பியைச் சோதித்துப் பாருங்கள்.

அடைப்புக்குறிக்கு உள்ளே இருப்பதைத் தனி அயனியாக எண்ணுவது

கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மங்களில் ஆறு அம்மோனியா உள்ளதில் சில்வர் நைட்ரேட் மூன்று குளோரைடுகளையும் வீழ்படிவாக்கும். ஐந்து உள்ளதில் இரண்டு, நான்கு உள்ளதில் ஒன்றே ஒன்று. மற்றவை வாய்பாட்டின் சதுர அடைப்புக்குறிக்கு உள்ளே, கோபால்ட்டோடு நேரடியாகப் பிணைந்திருப்பதால் வெளியே வருவதில்லை. ஆல்பிரட் வெர்னர் 1893-இல் வெளியிட்ட கொள்கை விளக்கியது இதைத்தான். 1913-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடில் +3 நிலை இரும்பு இருந்தும் தயோசயனேட்டுடன் வழக்கமாக வரும் இரத்தச் சிவப்பு வராததற்கும் காரணம் இதுவே: சயனைடு இரும்பை விடுவதில்லை.

பெர்மாங்கனேட் நிறத்துக்கு டி–டி தாவலைக் காரணம் சொல்வது

டி–டி தாவல் என்றால் உலோகத்தின் எலக்ட்ரான் ஒரு டி ஆர்பிட்டாலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. +7 நிலை மாங்கனீஸில் டி எலக்ட்ரானே கிடையாது. அந்த ஊதா, ஆக்சிஜனிலிருந்து மாங்கனீஸுக்கு நடக்கும் மின்சுமைப் பரிமாற்றத்தால் வருகிறது.

அயனியாக்கும்போது 3டி-யில் கை வைப்பது

இரும்பு எலக்ட்ரான்களை இழக்கும்போது 4எஸ் ஆர்பிட்டாலில் உள்ளவை முதலில் போகும், 3டி-யில் உள்ளவை பிறகுதான். +2 இரும்பு 3டி-யில் ஆறு எலக்ட்ரான்கள், +3 இரும்பு ஐந்து.

டாலன்ஸ் வினைப்பொருளை நாளைக்கு என்று எடுத்துவைப்பது

கூடவே கூடாது. ஆல்டிஹைடைக் கண்டறியப் பயன்படும் இந்தச் சில்வர் அம்மோனியா அணைவு நின்றால் வெடிக்கக்கூடிய சில்வர் நைட்ரைடு உருவாகும். தேவையான அளவு மட்டும் தயாரியுங்கள். வேலை முடிந்ததும் நீர்த்த அமிலம் சேர்த்து, சில்வர் கழிவுக் குப்பியில் அன்றே சேர்த்துவிடுங்கள்.