பரங்கிக்காய்க்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஒட்டன்சத்திரத்தில் இருந்த வரைக்கும் எனக்கு அது அரசாணிக்காய். கல்யாணமாகி கொடைக்கானலுக்கு வந்ததும் அத்தை வாயில் அது பரங்கிக்காய் ஆனது. சென்னையிலிருந்து வந்த மருமகள் மஞ்சள் பூசணி என்கிறாள். எல்லாம் ஒரே காய்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சந்தன நிறத் தோலும் நீளக் கழுத்துமாக பட்டர்நட் என்று ஒன்றும் வருகிறது. அதுவும் இதே வம்சம். இந்தக் கொடிகளுக்கெல்லாம் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். நாயுடுபுரத்து வீட்டில் முப்பது வருஷமாக வாரம் ஒருமுறையாவது இதைச் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பிடிக்காது என்று சொல்கிற யாரையாவது விசாரித்துப் பாருங்கள். அவர்கள் சாப்பிட்டதெல்லாம் செம்பு தண்ணீரில் கொதித்து, கஞ்சியாகக் கரைந்து, இனிப்பும் இல்லாமல் காரமும் இல்லாமல் இலையில் ஓடிய காயாக இருக்கும். பரங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அதற்கு மேலே நாம் ஊற்றுகிற ஒவ்வொரு கரண்டியும் ருசியைக் கழுவித்தான் எடுக்கும்.

மலையில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாததால் திறந்த பாத்திரத்தில் எதுவும் சீக்கிரம் வேகாது. நான் வந்த புதிதில் துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் கொதித்தும் முழுசு முழுசாகவே கிடந்தது, அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். பருப்புக்கும் மொச்சைக்கும் குக்கர் இல்லாமல் இங்கே முடியாது. ஆனால் பரங்கிக்காய் அந்த ஜாதி இல்லை. வேகவில்லையே என்று தண்ணீரைக் கூட்டாமல், மூடி போட்டுப் பத்து நிமிஷம் கூடக் கொடுங்கள், போதும்.

சமைப்பதற்கு முன்னால் காயைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. காம்பு காய்ந்து தக்கை போல இருக்க வேண்டும். பச்சைக் காம்பு என்றால் அவசரத்தில் பறித்தது. கட்டை விரல் நகத்தால் தோலை அழுத்துங்கள், நகம் இறங்கினால் முற்றவில்லை. மண்ணில் கிடந்த பக்கம் வெள்ளையாக இல்லாமல் மஞ்சள் ஏறியிருக்க வேண்டும். இரண்டு காய் ஒரே அளவில் இருந்தால் கையில் கனமாக விழுவதை எடுங்கள். கீற்றாக வாங்கினால் சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறமாகவும் விதை புடைத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். விதையைச் சுற்றி வழவழப்பாக இருந்தால் நேற்றோ முந்தாநாளோ வெட்டியது.

முழுக் காய் வாங்கினால் அன்றே வெட்டாதீர்கள். மூட்டமும் மழையுமான மாதங்களில் பறித்த மலைக்காய் சப்பென்றிருக்கும். அடுப்படிப் பரணில் காற்றுப் படும்படி இரண்டு மூன்று வாரம் கிடந்தால் உள்ளே இருக்கும் மாவு மெல்லச் சர்க்கரையாக மாறும். காம்பை ஒடிக்காமல், ஒன்றோடொன்று உரசாமல், சாக்கின் மேல் வையுங்கள். அப்படி வைத்த காய் எங்கள் வீட்டில் மூன்று மாதம் இருந்திருக்கிறது. ஆனால் குளிர் ஆகாது. ஒரு தை மாதம் இடமில்லையென்று பதினொரு காயைத் திண்ணையில் அடுக்கிவிட்டேன். அந்த வாரம் ஏரிப் பக்கம் உறைபனி. மேலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து நாளில் தோலில் குழிகுழியாக விழுந்து அத்தனையும் உள்ளே நீராகிப் போயின. பத்து டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் இந்தக் காய் தாங்காது. முழுக் காயை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். வெட்டியதை மட்டும் விதையும் நாரும் வழித்தெடுத்து, மூடி, ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வைக்கலாம்.

வெட்டும்போது கவனம். முற்றிய தோலில் கத்தி வழுக்கும். அடியில் ஒரு வில்லை சீவித் தட்டையாக்கி உட்கார வைத்த பிறகு காம்புக்குப் பக்கத்தில் கத்தியை இறக்குங்கள். அதுவும் முடியவில்லை என்றால் முழுக் காயை ஐந்து நிமிஷம் ஆவியில் வையுங்கள், தோல் இளகிவிடும். வெட்டியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். எப்போதாவது ஒரு காய் கசக்கும். அதை உப்பாலும் வெல்லத்தாலும் சரிக்கட்டப் பார்க்காமல் அப்படியே குழியில் போடுங்கள். அந்தக் கசப்பு வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும், வெந்தாலும் போகாது.

இனி பொரியல். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். அரைக் கிலோ காயைத் தோல் சீவி விரல்கடை அளவு துண்டாக்குங்கள். அடி கனமான சட்டியில் இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெய், கடுகு, உளுந்து, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை. காயைப் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி, மேலே குழிவான தட்டை மூடி, தட்டில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே எழும்புகிற ஆவி அந்தத் தட்டில் பட்டுக் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகத் திரும்பக் காயின் மேலேயே விழும். காய் தன் தண்ணீரிலேயே வேகும். தீ சிறுசாக இருக்கட்டும். இங்கே பதினைந்திலிருந்து இருபது நிமிஷம் ஆகிறது, கீழே பன்னிரண்டு போதும். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் நீர் விட்டுக் குழைந்துவிடும். தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள். எண்ணெயைக் கஞ்சம் பிடிக்க வேண்டாம், காயின் மஞ்சள் நிறத்தில் இருக்கிற சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும்.

புளிக்குழம்பு எனக்கு உயிர். மார்கழி, தையில் பச்சை மொச்சை வரும்போது வைப்பேன். ஒரு கோப்பை மொச்சையை முதலில் குக்கரில் வேகவிடுங்கள். புளி பட்டால் பயறு வேகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே புளி பரங்கிக்காய்க்கு நல்லது செய்கிறது. புளித்தண்ணீரில் விழுந்த துண்டு உருக்குலையாமல் நிற்கும். அதனால் வரிசை இப்படி: நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, குழம்புப் பொடியும் உப்பும் போட்டுக் கொதிக்க விடுங்கள். பச்சை வாசனை போனதும் பெரிய துண்டுகளாகப் பரங்கிக்காய், பாதி வெந்ததும் மொச்சை. பூண்டு எங்கள் மலைப்பூண்டாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பூம்பாறைப் பக்கம் விளைகிற அந்தப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் சின்னதாக இருந்தாலும் காரம் அதிகம். பத்துப் பல் போட்டால் பரங்கிக்காயின் இனிப்பு காணாமலே போகும். குழம்பை இறக்கி ஒரு மணி நேரம் விட்டுத்தான் பரிமாறுவேன். அத்தை மறுநாள் காலைக்கு ஒரு கிண்ணம் எடுத்து ஒளித்து வைப்பார், நானும் அப்படித்தான்.

பால் கூட்டில் பலருக்குப் பால் திரிந்துவிடும். வெல்லத்தின் மேல்தான் பழி. காய் வெந்து வெல்லமும் கரைந்து தூசு வடிகட்டியதும் அடுப்பை அணைத்து ஐந்து நிமிஷம் ஆற விடுங்கள். அதன் பிறகு, காய்ச்சிய பால் ஒரு டம்ளரில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றி, மெல்லிய தீயில் கெட்டியாகும் வரை கிளறுங்கள். கொதி வரக் கூடாது. அரைக் கிலோ காய்க்கு ஐம்பது கிராம் வெல்லம் போதும், பரணில் பழுத்த காய் என்றால் முப்பது. ஒரு சிட்டிகை உப்பை மறக்காதீர்கள்.

ஓவன் இருக்கிற வீட்டில் சுட்டும் சாப்பிடலாம், பட்டர்நட்டுக்கு அதுதான் பொருத்தம். நீளவாக்கில் பிளந்து, விதை எடுத்து, எண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி 200 டிகிரியில் நாற்பது நிமிஷம். ஓரம் கருகிப் பாகு கசிந்தால் சரியான பதம். சதையைக் கரண்டியால் வழித்து மிளகு, உப்பு, கொஞ்சம் பாலோடு கடைந்தால் சூப். இல்லையென்றால் அந்தச் சதையை அடை மாவில் கலந்து ஊற்றுங்கள், பிள்ளைகள் காய் என்று கண்டுபிடிக்கவே மாட்டார்கள். முழுக் காயை மட்டும் குத்தித் துளை போடாமல் ஓவனில் வைக்காதீர்கள், உள்ளே ஆவி அடைந்து வெடித்துவிடும்.

இளங்காயாக இருந்தால் தோலைக்கூட வீணாக்க வேண்டாம். எண்ணெயில் வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய், துளி புளியோடு அரைத்தால் துவையல்.

விதையை நாரிலிருந்து பிரிக்க ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பிசையுங்கள், விதை மேலே மிதந்து வந்துவிடும். முறத்தில் பரப்பி இரண்டு நாள் வெயில் காட்ட வேண்டும். இங்கே வெயில் வராத வாரங்களில் அடுப்புத் திண்டில் காயப் போடுகிறேன். முறத்தில் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயட்டும். பிறகு இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் வறுங்கள். படபடவென்று வெடிக்க ஆரம்பிக்கும். வெடிப்பு ஓய்ந்ததும் உப்புத் தண்ணீர் ஒரு கை தெளித்து, ஈரம் சுண்டியதும் இறக்கிவிடுங்கள்.