மிலிட்டரி பென்ஷனும் அரசு உதவியும்: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

"பட்டாளத்துக்காரர்தானே, பென்ஷன் வருமே" என்று குமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் டீக்கடையில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். வராதவர்களும் உண்டு. சிப்பாய்க்குப் பொதுவாக 15 ஆண்டு சர்வீஸ் நிறைந்தால்தான் பென்ஷன். வீட்டுக் கஷ்டத்தால் ஏழெட்டு வருஷத்தில் திரும்பி வந்த பாட்டாவிடம் பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் மட்டும்தான் இருக்கும்.

படி 1: அந்தப் புத்தகத்தை எடுங்கள். பென்ஷன் ஆணை, அதாவது பி.பி.ஓ., இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் இதைப் பொறுத்தது.

படி 2: பென்ஷன் உண்டென்றால், குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய், கூடவே அகவிலைப்படி. வருஷக் கணக்கில் 1,08,000. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு 1,20,000. அகவிலைப்படியைச் சேர்த்தால் அதைத் தாண்டிவிடும். அதனால் அந்த அட்டைக்கு அலையாமல் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை ஆதரவற்றவர்களுக்கானது. பென்ஷனை மறைத்து அதற்கு எழுதிப்போட வேண்டாம். மகளிர் உரிமைத்தொகைக்கும் பென்ஷன் தடையாக நிற்கும். மாதம் ஆயிரம் என்றாலும் வீட்டுக்கார அம்மாவுக்கு வருத்தம்தான், என்ன செய்ய!

படி 3: பென்ஷன் இல்லை, வயது 65 ஆகிவிட்டது, ஹவில்தார் அல்லது அதற்குக் கீழ் பதவி என்றால், மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டின் பெனுரி கிராண்ட் (வறுமை உதவித்தொகை) இருக்கிறது. இப்படிப்பட்டவரின் விதவை மனைவியும் கேட்கலாம். மாதம் 4,000 ஆக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000. போர்டின் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும்; நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சரிபார்த்துப் பரிந்துரைக்கும். முதியோர் தொகை ஏற்கெனவே வாங்கினால் அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: பேரைச் சரிபாருங்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். அந்தக் காலத்தில் ஆளெடுத்த கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிய பெயர், ஞானஸ்நானப் பெயர், ஆதாரில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். மனைவி பெயரும் பிறந்த தேதியும் அப்படித்தான். விண்ணப்பிக்கும் முன்பே, அவருடைய பட்டாள ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதித் திருத்துங்கள். அவர் கண்மூடிய பிறகு பாட்டி அலைவதைவிட, அவர் கையெழுத்துப் போடும்போதே முடிப்பது எளிது.

டிஸ்சார்ஜ் புத்தகத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். பின்னால் ஏதாவது பதிவுபோட வேண்டி வந்தால் பேனா ஓடாது.