செப்சிஸ் சார்ட்டை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது

நோய்களுக்குக் குறியீடு போடும் கோடர்களே, செப்சிஸ் (தொற்றுக்கு உடல் முழுவதும் காட்டும் கடுமையான எதிர்வினை) சார்ட், அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவு, வந்ததும் நேராக லேப் ரிசல்ட்டுக்கு ஓடாதீர்கள். காய்ச்சல் 39 டிகிரி, நாடித்துடிப்பு 120, வெள்ளணு 18,000, லாக்டேட் 4 என்று வரிசையாகப் பார்த்தால் கை தானாகவே ஏ41.9-ஐ, அதாவது ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலில் செப்சிஸுக்கான குறியீட்டை, தேடிப் போகும். ஆனால் சிகிச்சை கொடுத்த மருத்துவர் செப்சிஸ் என்று எழுதாத வரைக்கும் அந்தக் குறியீட்டைப் போட நமக்கு உரிமை கிடையாது. எண்களைப் பார்த்து நோயை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. அந்த எண்கள் இருந்தும் நோயின் பெயர் இல்லையே என்று கேட்பதுதான் கோடரின் வேலை, அதற்காக மருத்துவருக்கு அனுப்பும் எழுத்துக் கேள்விதான் குவெரி.

அதனால் முதலில் அந்த வார்த்தை எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். அவசரப் பிரிவு நோட்டில் ஒரே ஒரு தடவை செப்சிஸ் என்று இருக்கும், அடுத்த நாள் ப்ராக்ரஸ் நோட்டிலிருந்து நிமோனியா மட்டும்தான், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. இது மிகவும் சகஜம், இதை அப்படியே கோட் செய்தால் தணிக்கையில் நிற்காது, குவெரி போடுங்கள். இல்லை என்று பின்னால் தெளிவாக நிராகரித்திருந்தால் விட்டுவிடலாம். உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் ஆகும்போதும் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று எழுதியிருந்தால் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். வெளிநோயாளிக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்தது கிருமி. ரத்தக் கல்ச்சர் நெகட்டிவ் என்பதால் செப்சிஸ் இல்லை என்று ஆகிவிடாது, கிருமி தெரியாவிட்டால் ஏ41.9 போதும். மருத்துவர் ஈ.கோலை என்று சொல்லியிருந்தால் ஏ41.51, எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) என்றால் ஏ41.02. எம்ஆர்எஸ்ஏ வந்தால் கிருமிக்கான பி95.62-ஐயும் (B95.62) மருந்து எதிர்ப்புக்கான இசட்16.11-ஐயும் கூடவே சேர்ப்பவர்கள் உண்டு, தேவையில்லை, அந்த ஒரே குறியீட்டில் எல்லாம் அடங்கிவிட்டது. ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்று மட்டும் சொல்லும் பாக்டீரிமியா வேறு, அது ஆர்78.81. யூரோசெப்சிஸ் என்று எழுதியிருந்தால் அதற்குக் குறியீடே கிடையாது. சிறுநீர்ப் பாதைத் தொற்று மட்டுமா, அதிலிருந்து வந்த செப்சிஸா என்று மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும், நீங்களாக எதையும் ஊகிக்கக்கூடாது.

அதிகம் சிக்குவது கடும் செப்சிஸில்தான். செப்சிஸால் ஏதாவது உறுப்பு திடீரென்று செயலிழந்தால் ஆர்65.20, ஷாக்கும் (ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிவது) வந்துவிட்டால் ஆர்65.21. 'கடும்' என்ற சொல் இல்லாவிட்டாலும், உறுப்புப் பாதிப்பு செப்சிஸால் வந்தது என்று எழுதியிருந்தால் போதும். இந்த ஆர்65.2 வகை ஒருபோதும் முதல் நோயறிதலாக வராது, செப்சிஸ் குறியீட்டுக்குப் பின்னால்தான் வரும். கூடவே எந்த உறுப்பு என்பதும் வேண்டும்: சிறுநீரகம் என்றால் என்17.9, ஆக்சிஜன் குறைந்த சுவாசச் செயலிழப்பு என்றால் ஜே96.01, இப்படி. இங்கே 'செப்சிஸால்' என்ற தொடர்புதான் உயிர்நாடி. கிரியேட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் அளவு) ஏறியது நீர்ச்சத்து குறைந்ததாலா, மருந்தாலா, செப்சிஸாலா? சார்ட்டில் தெளிவில்லை என்றால் ஆர்65.20-ஐத் தொடாதீர்கள், கேளுங்கள்.

வரிசைக்கு நோயாளி வந்த நேரத்தைப் பாருங்கள். அட்மிஷன் ஆகும்போதே நிமோனியாவும் செப்சிஸும் இருந்தால் செப்சிஸ் முதலில், நிமோனியா அதற்கு அப்புறம். நிமோனியாவோடு மட்டும் வந்து மூன்றாம் நாள் செப்சிஸ் ஆனால் நிமோனியாதான் முதலில், செப்சிஸுக்கு பிஓஏ (அட்மிஷன் ஆகும்போதே இருந்ததா என்ற குறிப்பு) 'என்', அதாவது இல்லை. வரும்போதே இருந்ததா என்பது புரியவில்லை என்றால் அதற்கும் குவெரி உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த செப்சிஸ், பிரசவத்தை ஒட்டி வந்தது, பச்சிளம் குழந்தைக்கு வந்தது மூன்றுக்கும் விதி தனி. முதலாவதில் தொற்று இடத்துக்கான டி81.4 (T81.4) வகைக் குறியீடு, பிறகு அறுவைக்குப் பின் வந்த செப்சிஸுக்கான டி81.44, பிறகுதான் செப்சிஸ் வகை. ஷாக் வந்தால் அங்கே ஆர்65.21 இல்லை, டி81.12. பிரசவத்துக்கு ஓ85, குழந்தைக்கு பி36 (P36).

மருத்துவர்களோடு உரசல் வரும் இடம் வரையறை. பழைய முறையில் தொற்றோடு காய்ச்சல், நாடி, மூச்சு, வெள்ளணு இந்த நான்கில் இரண்டு மாறியிருந்தாலே செப்சிஸ். 2016-இல் வந்த செப்சிஸ்-3 வரையறையோ சோஃபா மதிப்பெண் (உறுப்புகள் எவ்வளவு செயலிழந்தன என்பதன் அளவு) குறைந்தது 2 ஏற வேண்டும் என்கிறது. சில காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டாவதைக் காட்டி பில்லை மறுக்கின்றன. ஐசிடி-10-சிஎம் வழிகாட்டுதல் மருத்துவர் எழுதியதைத்தான் கோட் செய்யச் சொல்கிறது, அதனால் உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்று நீங்களாகக் குறியீட்டை நீக்கிவிட முடியாது. ஆதாரம் மெலிதாகத் தெரிந்தால் மருத்துவ உறுதிப்படுத்தல் குவெரிக்கு, அதாவது அந்த நோயறிதலுக்கு ஆதாரம் என்ன என்று கேட்கும் குவெரிக்கு, அனுப்புங்கள். மருத்துவர்கள் முதலிலேயே தொற்று எங்கே, எந்த அறிகுறிகளை வைத்து செப்சிஸ் என்று முடிவு செய்தார்கள், எந்த உறுப்பு அதனால் பாதிக்கப்பட்டது என்று ஓரிரு வரிகள் எழுதிவிட்டால் இந்தப் போக்குவரத்தே பாதி குறைந்துவிடும்.

குவெரி எழுதும்போது விடையை மருத்துவர் வாயில் ஊட்டாதீர்கள். 'நோயாளிக்குக் கடும் செப்சிஸ் என்று எழுத முடியுமா' என்று கேட்பது தவறு. லாக்டேட் 4, கிரியேட்டினின் 0.9-இலிருந்து 2.6, ரத்த அழுத்தம் 84/50, எந்த ஆன்டிபயாட்டிக் எப்போது ஆரம்பித்தது என்று தேதியோடு சார்ட்டில் உள்ளதை வையுங்கள், இதற்கான நோயறிதல் என்ன என்று கேளுங்கள், தேர்வுகள் கொடுத்தால் 'வேறு', 'தீர்மானிக்க இயலவில்லை' இரண்டும் அதில் இருக்கட்டும். பணம் எவ்வளவு கூடும் என்ற பேச்சு குவெரியில் வரவே கூடாது. பதில் வந்ததும் அது நிரந்தரப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு சார்ட்டை முடியுங்கள்.