சைலன்சர் வேலை பார்த்த பிறகு லாரி இழுக்கவில்லையா? டீசல் பம்பைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

"சைலன்சர் பைப் உடைஞ்சது, மாத்தினோம், அதுல இருந்து புல்லிங்கே இல்லண்ணா." நாமக்கல்லில் பட்டறை வைத்திருக்கிற எனக்கு இது பழகிப்போன புகார். இப்படி வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு ஏற்கெனவே பம்பு கழற்றி டெஸ்ட் பண்ணியிருப்பார்கள், நாசில் மாற்றியிருப்பார்கள். ஓனருக்குத் தண்டச் செலவு, லோடும் போச்சு. புகை போகிற பாதையில் கை வைத்த பிறகு வந்த கோளாறு என்றால், அந்தப் பாதையை முழுசாகப் பார்த்து முடிக்கும்வரை பம்பைத் தொடவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

முதலில் டிரைவரிடம் பேசுங்கள். சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தை லோடோடு முன்பு எந்த கியரில் ஏறினார், இப்போது எந்த கியருக்கு இறங்குகிறார்? இழுவை ஒரே நாளில் போனதா, கொஞ்சம் கொஞ்சமாகவா? டர்போ விசில் சத்தம் மாறியிருக்கிறதா? கரும்புகை லோடில் மட்டும் வருகிறதா? ஸ்கேனர் சொல்லாததைக்கூட டிரைவர் சொல்லிவிடுவார்.

அப்புறம் அடைப்பா, கசிவா என்று பிரியுங்கள். கசிவு என்றால் அது டர்போவுக்கு முன்னாலா, பின்னாலா என்பதுதான் முக்கியம். இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளுகிற டர்போ சுற்றுவதே புகையின் வேகத்தில். இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து விடுகிற மேனிபோல்டின் பேக்கிங்கிலோ, டர்போ மாட்டுகிற பிளாஞ்சிலோ கசிந்தால் அந்த வேகம் வெளியே போய்விடும், இன்ஜினுக்குக் காற்று குறையும், லோடில் கரும்புகை தள்ளும். காற்று குறைந்தால் டீசலையும் குறைத்துக்கொள்கிற வண்டிகளில் புகை தெரியாது, இழுவை மட்டும் போகும். டர்போவுக்குப் பின்னால் பைப்பில் ஓட்டை என்றால், பழைய வண்டிகளில் சத்தம்தான் வரும், இழுவை குறையாது. ஆகவே பின்பக்கம் ஒரு ஓட்டையைப் பார்த்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

கசிவைத் தேட இன்ஜின் ஆறியிருக்கிற காலை நேரம் நல்லது. மேனிபோல்டு இணைப்புகளில் கரிக்கோடு ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு ஓரத்து ஸ்டட்டுகளை முதலில் பாருங்கள். சூட்டில் மேனிபோல்டு நீண்டு சுருங்குவதால் பெரும்பாலும் அவைதான் முதலில் உடையும். ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் அங்கே கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீரவில்லையா? பழைய வண்டியாக இருந்தால், நிறுத்திய இன்ஜினில் சைலன்சர் வாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் காற்று விட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை காட்டிக்கொடுக்கும். ஓடுகிற இன்ஜினில் கையை வைத்துத் தேடும் பழக்கம் வேண்டாம்.

அடைப்பில் முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட் பிரேக் மேல்தான் இருக்க வேண்டும். பைப்புக்குள் இருக்கிற தகடு மூடி, புகையைத் தடுத்துத்தான் அது வேலை செய்கிறது. கரி பிடித்து அந்தத் தகடு பாதியில் நின்றுவிட்டால் ஐடிலிங் சரியாக இருக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் திணறும். ஒரு பத்து சக்கர வண்டி இப்படித்தான் வந்தது. வேறொரு இடத்தில் பைப் மாற்றும்போது பிரேக் அசெம்பிளியைக் கொஞ்சம் திருப்பி மாட்டிவிட்டார்கள். லிவர் பக்கத்து பிராக்கெட்டில் முட்டி, தகடு முழுசாகத் திறக்கவில்லை. டர்போ மாற்ற வேண்டும் என்று அந்த ஓனரிடம் சொல்லியிருந்தார்கள். பிளாஞ்சைத் தளர்த்தித் திருப்பி மாட்டியதும் வண்டி சரியாகிவிட்டது. லிவர் கடைசிவரை திரும்புகிறதா என்று பிரேக்கைப் போட்டும் எடுத்தும் கண்ணால் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அது சரியாக இருந்தால் சைலன்சர். ஆறிய பிறகு மரச்சுத்தியால் தட்டினால், உள்ளே தகடு உடைந்திருந்தால் கலகலக்கும். டர்போவுக்குப் பின்னால் பிரஷர் கேஜ் மாட்டி, கம்பெனி மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுவதுதான் உறுதியான வழி. கேஜ் இல்லாத இடத்தில், பழைய வண்டி என்றால், திறந்த வெளியில் பின்பக்க பிளாஞ்சைத் தளர்த்தி ரேஸ் கொடுத்துப் பாருங்கள். திணறிய இன்ஜின் அப்போது தாராளமாக ஏறினால் அடைப்பு அதற்குப் பின்னால்தான். வயரும் ஏர் ஹோஸும் சூட்டில் கருகாமல் கவனம் வேண்டும்.

பைப்பைக் கழற்றியிருக்கும்போதே டர்போ வீலையும் பார்த்துவிடுங்கள். மேனிபோல்டில் உடைந்த துண்டு உள்ளே போய் இலையை உடைத்திருக்கலாம். வீல் ஹவுசிங்கில் உரசினாலோ, ஷாப்ட் முன்னும் பின்னும் கையில் தெரிகிற அளவு ஆடினாலோ அப்போது டர்போவைப் பற்றிப் பேசலாம். டர்போ தள்ளுகிற காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்பையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். அது கழன்றாலும் இதே கரும்புகைதான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் கணக்கே வேறு. அங்கே சைலன்சர் என்பது வெறும் டப்பா இல்லை. கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப் பில்டர், புகையில் யூரியாக் கரைசல் தெளிக்கிற நாசில், சென்சார்கள் எல்லாம் அதில்தான். ஏதாவது ஒன்று தவறாகக் காட்டினாலும் கம்ப்யூட்டரே இழுவையைக் குறைத்துவிடும். அதனால் இங்கே ஸ்கேனர் முதலில். ஆனால் ஸ்கேனரில் கோளாறு எண் (ஃபால்ட் கோடு) வந்த உடனே அந்த சென்சாரை மாற்றாதீர்கள். பில்டரின் அழுத்தத்தை அளக்கிற சென்சாருக்கு வரும் சின்ன ஹோஸ்கள் கருகியிருக்கிறதா, வேலை பார்த்தபோது இடம் மாற்றி மாட்டப்பட்டதா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் டர்போவுக்குப் பின்னால் இருக்கிற கசிவும் முக்கியம். வெளிக்காற்று உள்ளே கலந்தால் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கிற நாக்ஸ் சென்சார் தவறாகப் படிக்கும். யூரியா நாசில் பக்கம் வெள்ளைப் படிகம் படிந்திருந்தால் அங்கே கசிவு இருக்கலாம், யூரியா தரமில்லாததாகவும் இருக்கலாம். கரைசலில் யூரியா எவ்வளவு என்று பார்க்கிற ரிப்ராக்டோமீட்டரில் 32.5 சதவீதம் காட்ட வேண்டும்.

டி.பி.எஃப்பை உள்ளே குடைந்து காலி பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது சட்டப்படி குற்றம், ஊர்க் காற்றும் கெடும். அடைந்திருந்தால் ஏன் அடைந்தது என்று கண்டுபிடியுங்கள்: ஒழுகுகிற டீசல் நாசிலா, ஆயில் விடுகிற டர்போவா? அதைச் சரிசெய்த பிறகுதான் வண்டியை நிறுத்தி வைத்து ரீஜெனரேஷன் (பில்டரில் பிடித்த கரியைச் சூட்டில் எரிப்பது) போட வேண்டும். இல்லையென்றால் கொஞ்ச நாளில் திரும்ப அடைக்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் நிறைந்துவிட்டால் பில்டரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ரீஜெனரேஷன் போடும்போது வண்டியை வெறும் தரையில் நிறுத்துங்கள். சைலன்சர் வாயின் பக்கத்தில் வைக்கோல், பஞ்சு, தார்ப்பாய் எதுவும் இருக்கக் கூடாது.